முதல் பாட்டு எது?

கேள்வி: என் மகன் ஹைதராபாத்தில் கல்லூரி நண்பர்களோடு ராக் இசைக்குழு நடத்துகிறான். முதல் ஆல்பம் தயார். எல்லாருக்கும் தெரிந்த பழைய பாட்டு ஒன்றை ராக்காக மாற்றி முதலில் வெளியிடப் பலரும் சொல்கிறார்கள். அவனோ சொந்தத் தெலுங்குப் பாட்டுதான் என்கிறான். எது சரி?
– வாசகி, செகந்திராபாத்

பதில்: உங்கள் மகன் சொல்வதுதான் சரி. இங்கிலாந்தின் பிளாக் சப்பாத் ராக் குழு 1970 ஜனவரியில் முதல் சிங்கிளாகத் தந்த ‘ஈவில் உமன்’, க்ரோ என்ற அமெரிக்கக் குழுவின் பாட்டு. அது எடுபடவில்லை. அடுத்த மாதம் ஆல்பம் வந்தது. அதில் இருந்த, குழுவின் பெயரையே தலைப்பாகக் கொண்ட அவர்களின் சொந்தப் பாட்டைத்தான் உலகம் இன்றும் கொண்டாடுகிறது.

நம் பக்கத்திலேயே திருவனந்தபுரத்து அவியல் குழு இருக்கிறது. ராக் என்றால் ஆங்கிலம்தான் என்றிருந்த காலத்தில், ‘நட நட’ என்ற மலையாளப் பாட்டோடு வந்தார்கள். எலெக்ட்ரிக் கிடாரும் டிரம்ஸும் அதிர, மேலே சுத்தமான மலையாளம். ஆல்பம் வருமுன்பே அந்தப் பாட்டு அவர்களை ஊரறியச் செய்தது. 2008இல் வெளியான அந்த முதல் ஆல்பத்தில் நாராயண குருவின் ‘ஆடு பாம்பே’கூட ராக்காக ஒலித்தது.

முதல் பாட்டு குழுவின் முகவரி. அதை இரவல் வாங்கக் கூடாது. பழைய பாட்டுக்கு உரிமை பெறும் அலைச்சல் வேறு. சொந்தப் பாட்டுகளை மேடையில் வாசிக்கட்டும்; கூட்டம் எதைக் கூடவே பாடுகிறதோ, அதையே முதலில் வெளியிடட்டும். நீங்கள் துணை நில்லுங்கள், அம்மா.