‘தாங்குமோ’: இடர்க்கால ஐயத்தொடர்களும் ஆங்கில வினாநிரல் மொழிபெயர்ப்பும்

திறவுச்சொற்கள்: ஓகார இடைச்சொல், ஐயம், மன அழுத்த அளவுகோல், மொழிபெயர்ப்பு, திருநீர்மலை

2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவாயிற்று. அடையாற்றின் பெருக்கு முடிச்சூர் முதல் திருநீர்மலை, அனகாபுத்தூர் வரையிலான கரையோரங்களை அலைக்கழித்தது. (வெள்ளம் வடியும்வரை திருமங்கையாழ்வார் காத்திருந்தார் என்னும் தலமரபு உடைய ஊர் திருநீர்மலை.) இத்தகைய இடருக்குப் பின் மக்களின் மனச்சுமையை அளக்க, ஆங்கிலத்தில் உருவான வினாநிரல்களை மொழிபெயர்ப்பதே பெருவழக்கு. அவற்றுள் ஒன்று, ஷெல்டன் கோஹெனும் பிறரும் 1983இல் வெளியிட்ட மன அழுத்த அளவுகோல். செய்யவேண்டியவற்றைச் சமாளிக்க இயலாமையைக் கடந்த மாதத்தில் எத்தனை முறை உணர்ந்தீர் என்பது அதன் வினாக்களுள் ஒன்று. விடைக்கு 0 முதல் 4 வரை மதிப்பெண். தமிழர் தம் ஐயத்தைச் சொல்லும் முறைக்கு இவ்வினா பொருந்துமா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

ஆங்கிலத்தின் ‘கோப்’, ‘அடி’ என்னும் பொருளுடைய பழைய பிரெஞ்சுச் சொல்லின் வழிவந்தது. தொடக்கத்தில் கைகலத்தலைக் குறித்தது. ‘ஹேண்டில்’, ‘மேனேஜ்’ இரண்டிலும் கை இருக்கிறது. ‘ஐ டோன்ட் நோ இஃப் ஐ கேன் கோப்’ என்னும் தொடரில் ‘நான்’ இருமுறை எழுவாய்: அறியாதவனும் நான், பொருதுபவனும் நான்.

தமிழில் துன்பம் பெரும்பாலும் சுமை. ‘பொறை’ சுமையையும் பொறுமையையும் ஒருங்கே குறிக்கும். ‘இன்னொரு மழைக்கு வீடு தாங்குமோ’, ‘மனசு தாங்குமோ’ என்னும் பேச்சுத்தொடர்களில் எழுவாய் ‘நான்’ அன்று. ‘என்னால் முடியுமா’ என்பதில் ‘என்னால்’ கருவியா கருத்தாவா என வாதிடலாம். எழுவாய் அன்று என்பது உறுதி. ‘நான்’ எழுவாயாக இயல்பாய் நிற்பது ‘சமாளி’ என்பதனோடு. இந்தியின் ‘சம்பால்னா’வோடு உறவுடைய இச்சொல்லை மொழிபெயர்ப்பாளர் நாடுவதில் வியப்பில்லை.

நுட்பம் ஈற்றில் உள்ளது. ‘சமாளிப்பேனா’ விடை கேட்கிறது, ‘சமாளிப்பேனோ’ கேட்பதில்லை. பின்னதைக் கேட்டவர் ஆம், இல்லை என்னார். ‘நாங்க இருக்கோம்ல’ என்பார். ஓகாரத்துக்குத் தொல்காப்பியம் ஆறு பொருளும் நன்னூல் எட்டும் கூறும். ஐயம் இரண்டிலும் தனித்து இடம்பெறவில்லை. கிளவியாக்கத்தில் ஐயம் பேசப்படினும், உரையாசிரியர் காட்டுவது தொலைவில் தெரிவது கட்டையா ஆளா என்பது போன்ற புறப்பொருள் ஐயமே. தன் ஆற்றல் பற்றிய ‘தாங்குமோ’வை வினாவுக்கும் எதிர்மறைக்கும் இடையில் வைப்பதே தகும். அது இன்னும் ‘தாங்காது’ ஆகவில்லை.

‘சமாளிக்க முடியவில்லை என எத்தனை முறை உணர்ந்தீர்கள்?’ என மொழிபெயர்த்தால் வினா முடிந்துபோன இயலாமையைக் கேட்கிறது. ஐப்பசி பிறந்தது முதல் ஆற்றைப் பார்த்து ‘இந்த வருசம் தாங்குமோ’ என்று சொல்லிக்கொண்டே குடும்பத்தை நடத்தும் ஒருத்தி, ‘ஒருபோதும் இல்லை’ என்று உண்மையாகவே விடையளிப்பாள். அவளுக்குக் கிடைப்பது 0. அவளது ஓகாரத்தை இயலாமையாகக் கொள்ளும் களப்பணியாளரோ 4 இடுவார். இரண்டும் பிழை, முன்னது கூடுதல் தீங்கு, உதவி தேவைப்படுவோர் பட்டியலிலிருந்தே அவளை நீக்கிவிடும். மறுபெயர்ப்புச் சோதனையும் இதைக் காட்டாது; ‘முடியவில்லை’ தடையின்றி மூல ஆங்கிலத்துக்கே திரும்பிவிடும்.

‘தாங்குமோ, சமாளிப்போமோ என்ற எண்ணம் எத்தனை முறை வந்தது?’ என்னும் வினாவையும் உடன் சேர்க்கலாம். மூலத்தில் இல்லாத வினா ஆதலின் அதன் மதிப்பெண்ணை மூல அளவுகோலின் கூட்டுத்தொகையில் சேர்க்காமல் தனியே பதிதல் வேண்டும்.