தங்கத் தாத்தாவும் நம் வகுப்பறையும்

ஈழத்துச் சிறுவர் பாடல்களைப் பற்றிப் பேசப் புகுவோர் எவரும் நவாலியூர் சோமசுந்தரப் புலவரை விட்டு அப்பால் செல்லுதல் இயலாது. 1878இல் யாழ்ப்பாணத்து நவாலியிலே பிறந்து, 1953இல் மறைந்த அப்பெரியாரைத் 'தங்கத் தாத்தா' என்றே நம்மவர் அழைத்தனர். நவாலி என்றவுடன் பெற்றோர் பலருக்கு, 1995 யூலை 9ஆம் நாள் அவ்வூர்ப் புனித பேதுரு தேவாலயத்தின்மீது குண்டுகள் வீழ்ந்ததே முதலில் நினைவுக்கு வரும். எனினும், இங்கு பிறந்த பிள்ளைகள் அவ்வூரின் பெயரை முதன்முதலில் ஒரு பாட்டின் வழியாகக் கேட்க வேண்டும் என்பது என் விருப்பம்.

புலவர் தொழிலால் ஆசிரியர். வட்டுக்கோட்டையிலே, இன்று இந்துக் கல்லூரியாக விளங்கும் பாடசாலையில், ஏறத்தாழ 40 ஆண்டுகள் கற்பித்தார். கலம்பகம், அந்தாதி, சிலேடை வெண்பா முதலிய மரபு யாப்புகளில் அட்டகிரி, நல்லூர், கதிர்காமம் ஆகிய தலங்களைப் பாடினார். பனையின் பெருமையைத் 'தால விலாசம்' என்னும் தனி நூலாக்கினார். இத்துணைப் புலமை படைத்தவர், தம் முன் அமர்ந்திருந்த சிறு பிள்ளைகளுக்காகவும் எளிய சொற்களைத் தேடினார் என்பதே வியப்பு. கடினமாக எழுதுதல் பண்டிதருக்கு எளிது. எளிமையாக எழுதுதலே கடினம். கரும்பலகை முன் நின்றவர் எவரும் இதனை அறிவர்.

அக்காலத்துச் சிறுவர் ஆத்திசூடி, கொன்றைவேந்தன் முதலிய நீதிநூல்களை மனனஞ் செய்தே வளர்ந்தனர். ஆடிப்பாடுதற்கு ஏற்ற பாட்டுகள் அரிது. பாடசாலைகள்தோறும் சென்று பார்வையிட்ட வித்தியாதரிசி க. ச. அருள்நந்தி அவர்களின் முயற்சியால், 'பிள்ளைப் பாட்டு' என்னும் தொகுதி 1935இல் வெளிவந்தது. (வித்தியாதரிசி வருகிறார் என்றால் நடுங்கிய ஆசிரியர் குலத்தைச் சேர்ந்தவன் நான். அப்பதவியினாலும் இத்தகைய நன்மை விளைந்தது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.) புலவரின் சிறுவர் பாடல்கள் அவர் மறைவின் பின், 1955இல், 'சிறுவர் செந்தமிழ்' என நூலுருப் பெற்றன.

அவருடைய 'ஆடிப்பிறப்பு' பாட்டைக் கடந்த மாரிகாலத்தில் நம் வகுப்பிற் கற்பித்தேன். நாளை விடுமுறை என்னும் மகிழ்ச்சிச் செய்தியோடு அப்பாட்டுத் தொடங்கும். உடனே ஒரு சிறுமி எழுந்து, "சேர், யூலையிலை எங்களுக்கு எப்பவும் லீவுதானே?" என்றாள். உண்மைதான். ஆடி முதலாம் நாள் யூலை நடுப்பகுதியில் வரும். ஒன்ராறியோவில் அப்போது பாடசாலைகள் யாவும் மூடிக்கிடக்கும். ஒரு நாள் விடுமுறையின் அருமையை இரண்டு மாத விடுமுறை பெறும் பிள்ளைக்கு எங்ஙனம் விளக்குவது? கூழ் காய்ச்சும் முறையைச் சொல்லும் அடிகளிலோ, பனங்கட்டி, பயறு என ஒவ்வொரு சொல்லுக்கும் நின்று பொருள் கூற வேண்டியதாயிற்று.

அடுத்த வாரம் ஒரு தாயார் கூழ் காய்ச்சி எடுத்து வந்தார். ஸ்காபரோக் கடைகளிற் பனங்கட்டி கிடைக்கிறது, பலாவிலைதான் கிடைக்கவில்லை. கடதாசிக் குவளையிற் குடித்தோம். இருவர் முகஞ்சுழித்து வைத்துவிட்டனர். ஏனையோர் இன்னும் வேண்டும் என்றனர். அதன்பின் பாட்டின் பொருளை எவரும் என்னிடம் வினவவில்லை.

'கத்தரி வெருளி' வேறு வகையானது. கத்தரித் தோட்டத்து நடுவே நிற்கும் வெருளியைக் காவற்காரனாகக் கருதிச் சிறுபிள்ளை பேசுவதாக அமைந்தது. பனங்கட்டிக்கு வேண்டிய விளக்கம் இதற்கு வேண்டியிருக்கவில்லை. அசையாது நிற்பவனைப் பார்த்துப் பேசுதல் எந்நாட்டுப் பிள்ளைக்கும் இயல்பே. பாடம் முடிந்ததும், வீட்டு முற்றத்திலே தாம் கண்ட எதனோடாவது பேசி ஆறு வரிகள் எழுதி வருமாறு பணித்தேன். பதினோரு வயது மாணவன் ஒருவன் பனிமனிதனை எழுதி வந்தான். வீட்டார் எல்லாரும் வேலைக்குச் சென்றபின் வாசலைக் காக்கும் காவற்காரன், வெயில் வந்தால் மட்டும் சொல்லாமற் போய்விடுவான் என்று இருந்தது. 'வெயில்' என்பதை 'வெயிள்' என எழுதியிருந்தான். அதனை மட்டும் திருத்திக் கொடுத்தேன்.