மறைந்து போகும் மின்னஞ்சல்

கொல்கத்தா மாநகரின் கிழக்கே, ராஜர்ஹாட் பகுதியின் வயல்களும் நீர்நிலைகளும் இருந்த இடத்தில் எழுந்துள்ள நியூ டவுனுக்கு, மொழிபெயர்ப்புப் பணியின் பொருட்டுச் சில காலத்துக்கு முன் நான் சென்றிருந்தேன். அங்குள்ள சிறியதொரு பயிற்சி நிலையம், மழைமானியைப் படித்தல், மண் மாதிரி எடுத்தல் முதலியவற்றைத் தென் மாநிலங்களின் களப் பணியாளர்க்கும் பள்ளி ஆசிரியர்க்கும் கற்பிக்க ஏற்பாடு செய்திருந்தது. பாடங்களைத் தமிழாக்குவது என் வேலை. அழைப்புகள் மின்னஞ்சல் வாயிலாக அனுப்பப்பட்டன. பத்து நாட்களுக்குள் ஒப்புதல் வாராவிடின், அவ்விடம் காத்திருப்போர் பட்டியலில் அடுத்தவருக்குச் செல்லும் என்பது விதி.

எட்டாம் நாள்வரையில், தத்தம் நிறுவனங்களின் அஞ்சல் வழங்கிகளில் முகவரி வைத்திருந்த களப் பணியாளர் பலர் பதில் விடுத்துவிட்டனர். பொது நிறுவனம் ஒன்றில் இலவச முகவரி வைத்திருந்த ஆசிரியர்களிடமிருந்தோ ஒரு வரியும் வரவில்லை. “உங்கள் ஊர் ஆசிரியர்களுக்கு இதில் சிரத்தையில்லை போலும்” என்றார் நிலைய அலுவலர் ஒருவர். எனக்கு மனம் பொறுக்கவில்லை. மதுரைப் பக்கத்து ஆசிரியை ஒருவரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டேன். அப்படியோர் அழைப்பே தமக்கு வரவில்லை என்றார். வேண்டாத கடிதங்கள் ஒதுக்கப்படும் ‘ஸ்பேம்’ பகுதியிலும் தேடிவிட்டு, அங்கும் இல்லை என்றார். கணினிப் பொறுப்பாளரோ பதிவேட்டைத் திறந்து காட்டினார். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ‘அனுப்பப்பட்டது, 250’ என்றிருந்தது. இருவரும் பொய் சொல்லவில்லை. அவ்வாறாயின் கடிதங்கள் சென்ற இடம் யாது?

இத்தகைய இழப்பு இன்று எந்த அலுவலகத்திலும் நேரக்கூடும். மழை அளவு அறிக்கை, தேர்வு அறிவிப்பு, மாறுதல் விண்ணப்பம் யாவும் இவ்வழியிலேயே செல்கின்றன. ஆதலின் கடிதம் பயணப்படும் முறையையும், அது மறையக்கூடிய இடங்களையும் சற்று விரிவாகக் காண்பது பயனுடையது.

நாம் ‘அனுப்பு’ என்னும் பொத்தானை அழுத்தியதும் கடிதம் பெறுநரிடம் பறந்து செல்வதில்லை. முதலில் அது நம் நிறுவனத்தின் அஞ்சல் வழங்கியை அடைந்து வரிசையில் நிற்கிறது. அவ்வழங்கி, டி.என்.எஸ். எனப்படும் பெயரேட்டைப் புரட்டி, பெறுநரின் நிறுவனத்துக்குக் கடிதம் வாங்கும் கணினி எது என்று அறிகிறது. பின்னர் இரு கணினிகளும் எஸ்.எம்.டி.பி. என்னும் நெறிப்படி உரையாடுகின்றன. இந்நெறியை 1982-ஆம் ஆண்டில் ஜான் போஸ்டல் என்னும் அமெரிக்க விஞ்ஞானி வகுத்தளித்தார். நான் இன்னார், இன்னாரிடமிருந்து கடிதம், இன்னாருக்கு என்று அனுப்பும் கணினி படிப்படியாகச் சொல்ல, வாங்கும் கணினி ஒவ்வொன்றுக்கும் மூன்று இலக்க எண்ணால் விடையிறுக்கிறது. இரண்டில் தொடங்கும் எண் சம்மதம். நான்கில் தொடங்குவது ‘இப்போது இயலாது, பிறகு வா’ என்பது. ஐந்தில் தொடங்குவது நிரந்தர மறுப்பு.

நான்காம் வகை விடையைக் கண்டு அஞ்ச வேண்டுவதில்லை. அறியாத கணினி முதன்முறை வரும்போது வேண்டுமென்றே திருப்பியனுப்பி, சில நிமிடங்கள் கழித்து மீண்டும் வந்தால் ஏற்கும் வழக்கம் பல இடங்களில் உண்டு. மறுமுயற்சியை நான்கைந்து நாட்கள்வரை தொடர்ந்து செய்யவேண்டும் என நெறி கூறுகிறது. எனவே ‘காணாமற்போனது’ என்று நாம் கருதும் கடிதம் நம் வழங்கியின் வரிசையிலேயே உறங்கிக்கொண்டிருத்தலும் கூடும். சில வாடகைக் கணினி நிறுவனங்கள், கடிதம் வெளிச்செல்லும் 25-ஆம் எண் வாயிலைத் தொடக்கத்திலேயே அடைத்து வைக்கின்றன. அதையறியாது அமைத்த வழங்கியிலிருந்து ஒரு கடிதமும் வெளியேறாது. வரிசையைப் பார்த்தாலே இவை புலப்பட்டுவிடும்.

ஆராய்ச்சிக்கு உரியது 250 என்னும் எண்ணே. கடிதத்தை முழுதும் பெற்றபின் ஒரு கணினி இவ்வெண்ணைச் சொல்லுமாயின், அந்நொடி முதல் அக்கடிதத்தின் பொறுப்பு அதனைச் சார்ந்தது. உரியவரிடம் அது சேர்ப்பிக்கவேண்டும். இயலாவிடின் அனுப்பியவருக்குத் தெரிவிக்கவேண்டும். இதில் நாம் தவறவிடுகின்ற நுட்பம் ஒன்றுண்டு. 250 என்று சொன்னவர் யார் என்பதே அது. பெறுநரின் கணினி சொல்லியிருக்கலாம். இடையிலுள்ள நம் தரகரும் சொல்லியிருக்கலாம். ஊர்த் தபால் நிலையத்தில் கடிதத்தைக் கொடுத்து வாங்கிய ரசீது, அது மதுரையில் விநியோகிக்கப்பட்டதற்குச் சான்றாகுமா?

நியூ டவுன் நிலையத்தின் பதிவேட்டை மீண்டும் பார்த்தோம். 250 என்று சொல்லியிருந்தது, நிலையத்துக்கு இடம் வாடகைக்கு விட்டிருந்த நிறுவனத்தின் இடைநிலைக் கணினி. அதற்கப்பால் நிகழ்ந்தது அந்தப் பதிவேட்டில் இல்லை. வாடகை நிறுவனத்துக்கு எழுதி அவர்களுடைய பதிவேட்டைக் கேட்டுப் பெற்றோம். அதில் ஆசிரியர்களின் முகவரிகளுக்கு எதிரே 550 என்னும் மறுப்பு வரிசையாக நின்றது. அனுப்பியவர் தம்மை மெய்ப்பிக்கவில்லை என்பது காரணம்.

இந்த மெய்ப்பித்தல் என்பது பிற்காலத்தில் எழுந்தது. போஸ்டலின் நெறியில், அனுப்புநர் முகவரியாக எவரும் எதனையும் எழுதலாம். மோசடிக் கடிதங்கள் பெருகவே மூன்று காவல்கள் ஏற்பட்டன. எஸ்.பி.எஃப். என்பது, எம் பெயரில் கடிதம் அனுப்பும் உரிமை இன்னின்ன கணினிகளுக்கே உண்டு என நிறுவனம் பெயரேட்டில் வெளியிடும் ஒரு வரி. இதன் இன்றைய நெறி 2014-இல் வெளியாயிற்று. டி.கே.ஐ.எம். என்பது கடிதத்தின்மேல் இடப்படும் கணித முத்திரை. வழியில் வாசகம் மாறினால் முத்திரை பொருந்தாது. மூன்றாவதான டி-மார்க், 2015-இல் நெறியாக வெளியிடப்பட்டது; முன்னிரண்டும் பொருந்தாத கடிதத்தை ஏற்பதா, ஒதுக்குவதா, மறுப்பதா என்னும் விருப்பத்தைப் பெயருக்கு உரியவரே அறிவிப்பது. 2024 பிப்ரவரி முதல் கூகுளும் யாஹூவும், அனுப்புவோர் யாவரும் முதலிரண்டில் ஒன்றையேனும் உடையவராதல் வேண்டும் எனவும், பெருமளவில் அனுப்புவோர் மூன்றையும் உடையவராதல் வேண்டும் எனவும் விதித்தன. அதுகாறும் தடையின்றிச் சென்றுகொண்டிருந்த சிற்றலுவலகக் கடிதங்கள் பல திடீரென நின்றுபோனமைக்கு இதுவே காரணம். சிறு வழங்கிகளில் பல இத்துணைக் கண்டிப்புக் காட்டுவதில்லை. களப் பணியாளர்க்குச் சேர்ந்த கடிதம் ஆசிரியர்க்குச் சேராதது இதனாலேதான். சிரத்தைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

நிலையத்தார்க்கு எஸ்.பி.எஃப். வரி இல்லாமலில்லை. இரண்டு இருந்தன என்பதே தொல்லை! முந்தைய வாடகை நிறுவனத்தை விட்டு மாறியபோது, பழைய வரியை நீக்காமல் புதிய வரி ஒன்றை எவரோ சேர்த்துவிட்டார். ஒரு பெயருக்கு ஒரு வரியே இருத்தல் வேண்டும். இரண்டிருந்தால் பிழை எனக் கொள்ளவேண்டும் என்பது நெறி. ஆக, இரண்டுமே பயனற்றுப் போயின. அவ்வரியைச் சரிபார்க்கையில் பெயரேட்டைப் பத்து முறைக்கு மேல் புரட்டவேண்டி வந்தாலும் பிழையே. பல சேவைகளை ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டே போகும் நிறுவனங்கள் இவ்வெல்லையை அறியாமல் தாண்டிவிடுகின்றன.

மறுக்கப்பட்டதாயின் மறுப்புக் கடிதம் திரும்பி வந்திருக்க வேண்டுமே என்று வாசகர் கேட்கலாம். வந்தது. மின்னஞ்சலுக்கு உள்ளே நாம் காணும் அனுப்புநர் முகவரி வேறு. உறையின்மேல் உள்ள முகவரி வேறு. திரும்பும் கடிதம் உறை முகவரிக்கே போகும். நிலையத்தின் பதிவு மென்பொருள், ‘பதில் வேண்டா’ என்னும் பொருளுடைய முகவரி ஒன்றை உறையில் எழுதி வந்தது. அம்முகவரிக்குப் பெட்டியே கிடையாது. மறுப்புக் கடிதத்துக்கு மறுப்பு எழுதுதல் கூடாது என்பதும் நெறி. இல்லையேல் இரு கணினிகள் ஒன்றையொன்று முடிவின்றித் திருப்பிக்கொண்டிருக்கும். எனவே திரும்பி வந்த ஒவ்வொன்றும் ஓசையின்றி அழிந்தது. பெட்டியில்லாத உறை முகவரியைப் போல் தீங்கான சிக்கனம் வேறில்லை என்பது என் கருத்து.

பிற சந்தர்ப்பங்களில் கடிதம் வேறிடங்களில் மறைவதுண்டு. அலுவலகம் தன் அஞ்சல் பெட்டிகளை வேறொரு நிறுவனத்துக்கு மாற்றிவிட்டு, வலைத்தளத்தை மட்டும் பழைய கணினியிலேயே வைத்திருக்கும். பழைய கணினியோ, அப்பெயருக்கு அஞ்சல் வாங்குவது தானே என இன்னும் எண்ணிக்கொண்டிருக்கும். தளத்தின் படிவத்திலிருந்து எழும் கடிதங்களை அது வெளியே விடாமல், எவரும் திறவாத தன் பழைய பெட்டியில் இட்டுவிடும். பதிவேட்டில் ‘சேர்ப்பிக்கப்பட்டது’ என்றே இருக்கும். மாணவர் விண்ணப்பங்கள் பல மாதங்கள் இவ்வாறு தேங்குவதுண்டு. அந்த அமைப்பில் உள்ளூர்ப் பெயர்ப் பட்டியலிலிருந்து அலுவலகப் பெயரை நீக்கினாலே குறை தீரும்.

பள்ளி முகவரிக்கு வருவதைச் சொந்த முகவரிக்குத் தானே அனுப்புமாறு ஆசிரியர் பலர் வைத்திருப்பர். இதில் எழுதியவர் ஒருவர். கொண்டுவருவது பள்ளியின் கணினி. எழுதியவரின் எஸ்.பி.எஃப். வரியில் பள்ளிக் கணினி இராது. முத்திரையும் இல்லாவிடின் கடிதம் மறுக்கப்படலாம். 2014 ஏப்ரலில் யாஹூ, தன் பெயரில் வந்து சரிபார்ப்பில் தேறாதவற்றை மறுக்குமாறு அறிவித்தபோது, குழுக்களின் வழியே சென்ற யாஹூ பயனர்களின் கடிதங்கள் பிற நிறுவனங்களின் வாயில்களில் பெருந்திரளாகத் திருப்பப்பட்டன.

பெறுநரின் கணினியே 250 என்று ஏற்றபின்னும் கடிதம் காணப்படாதிருத்தல் உண்டு. நிறுவன நிர்வாகியின் தடுப்பறையில் அது கிடக்கலாம். அவ்வறை பெறுநரின் கண்ணுக்குத் தெரியாது. பெறுநர் முன்பு எப்போதோ இட்ட வடிகட்டி விதி அதனை அழித்திருக்கலாம். மோசடி என்பது ஏறத்தாழ உறுதியான கடிதத்தை ஓசையின்றி எறிந்துவிட நெறியும் இடமளித்துள்ளது. அவ்விடத்தைச் சில நிறுவனங்கள் தாராளமாகவே பயன்படுத்திக்கொள்கின்றன. அனுப்பியவர் பக்கத்துப் பதிவேட்டால் இதனை அறிய இயலாது. பெறுநர் பக்கத்து நிர்வாகியையே நாடவேண்டும்.

அங்ஙனம் நாடுங்கால் “என் கடிதம் வரவில்லை” என்று மட்டும் எழுதினால் எவரும் உதவ முடியாது. அனுப்பிய நாள், நேரம், உறை முகவரி, பெறுநர் முகவரி, அனுப்பிய கணினியின் ஐ.பி. எண், கடிதத்தின் தலைப்பு வரிகளிலுள்ள மெசேஜ் ஐடி, இறுதியாகக் கிடைத்த விடையின் முழு வரி ஆகியவற்றைத் தருக. நேரத்தில் கவனம் வேண்டும். பல பதிவேடுகள் உலகப் பொது நேரத்தில் எழுதப்படுகின்றன. நம் நேரம் அதற்கு 5 மணி 30 நிமிடம் முந்தியது. காலை 10 மணிக்கு அனுப்பியதை அங்கே 4 மணி 30 நிமிடத்தில் தேடவேண்டும். இதனை மறந்து ஒரு பகல் முழுதும் நாங்கள் வீணாக்கினோம்.

வெளியுதவி நாடுமுன் செய்யத்தக்க எளிய சோதனை ஒன்றுண்டு. இணைப்பும் சுட்டியும் இல்லாத இரண்டு வரிக் கடிதத்தை மூன்று வெவ்வேறு நிறுவனங்களில் உள்ள முகவரிகளுக்கு அனுப்புக. எதிலும் சேராவிடின் குறை நம் வாயிலில். ஒன்றில் மட்டும் சேராவிடின் அந்நிறுவனத்தின் விதியைப் பார்க்கவேண்டும். வெறுங்கடிதம் சேர்ந்து, இணைப்புள்ளது சேராவிடின் உள்ளடக்கமே காரணமாகும். சேர்ந்த ஒன்றின் தலைப்பு வரிகளைத் திறந்தால், மூன்று காவல்களிலும் தேறியதா என்பது எழுதப்பட்டிருக்கும். சேரவில்லை என்று கண்டதும் அதே கடிதத்தை மீண்டும் மீண்டும் நூற்றுக்கணக்கில் விடுப்பது மட்டும் ஆகாது. அது நம் கணினியின் நற்பெயரைக் கெடுத்து, நாளை செல்லவேண்டியதையும் தடுக்கும்.

நியூ டவுனில் இரு வரிகளும் ஒன்றாக்கப்பட்டன, முத்திரை இடப்பட்டது, உறை முகவரிக்குப் பெட்டி திறந்து, அதனை நாள்தோறும் பார்க்க ஒருவர் நியமிக்கப்பட்டார். பெயரேட்டின் மாற்றம் எங்கும் பரவ ஒரு நாள் காத்திருந்து, பத்தாம் நாள் காலையில் அழைப்புகளை மீண்டும் அனுப்பினோம். கெடுவை ஒரு வாரம் நீட்டித்தனர். மாலைக்குள் முதற் பதில்கள் வந்தன. இடையில் இரண்டு இடங்கள் வேறு மாநிலத்தவர்க்கு எழுத்து மூலம் உறுதியளிக்கப்பட்டுவிட்டன. அவற்றுள் ஒன்று அந்த மதுரைப் பக்கத்து ஆசிரியையுடையது. அவரைத் தொலைபேசியில் அழைத்து இதனைச் சொல்லும் பொறுப்பும் எனக்கே வந்தது. அடுத்த பயிற்சிக்குரிய பட்டியலில் அவர் பெயர் முதலாவதாக எழுதப்பட்டது.