விடையும் உண்மையும்

மருத்துவப் படிப்பிற்கான ‘நீட்’ தேர்வு முடிந்ததும் தேர்வுக்கூட வாசலிலேயே மாணவர்கள் வினாத்தாளை விரித்து விடைகளை ஒப்பிடத் தொடங்குகிறார்கள். சரியான விடைக்கு 4 மதிப்பெண். தவறானதற்கு 1 மதிப்பெண் கழியும். ஆகவே ஒரு முகம் மலர, மற்றொன்று வாடுகிறது. ‘எல்லோரும் இதைத்தான் குறித்திருக்கிறார்கள்’ என்ற சொல்லே பலருக்கு ஆறுதல்.

எண்ணிக்கை உண்மையாகுமா? 2024-ஆம் ஆண்டுத் தேர்வில், எல்லாத் தனிமங்களின் அணுக்களும் நிலையானவை என்னும் கூற்று ஒரு வினாவில் இடம்பெற்றது. பழைய பாடநூலில் அவ்வாறே இருந்ததால், அதைச் சரியெனக் கொண்ட விடையும் முதலில் ஏற்கப்பட்டது. வழக்கு உச்ச நீதிமன்றத்தை அடைந்தது. டெல்லி ஐ.ஐ.டி.யின் வல்லுநர் மூவர் ஆராய்ந்து, அக்கூற்று தவறு என்றனர். கதிரியக்கத் தனிமங்களின் அணுக்கள் சிதைவன அல்லவா? அவ்விடையைக் குறித்த நான்கு லட்சத்திற்கும் மேற்பட்டோர் ஆளுக்கு 5 மதிப்பெண் இழந்தனர். அத்தனை பேர் ஒருமித்துக் கூறியும் அணு தன் இயல்பை மாற்றிக்கொள்ளவில்லை. அறிவு பொருளைச் சார்ந்தது. நம் விருப்பத்தைச் சார்ந்ததன்று.

மாணவ நண்பர்களே! விடைத்தாளைக் கொடுத்த கணத்தில் செயல் முடிந்துவிட்டது. இனி அதை மாற்ற இயலாது. அறிவைத் திருத்திக்கொள்ளவோ எப்போதும் இயலும். ஆகவே ‘உனக்கு எத்தனை?’ என்று கேளாதீர்கள். ‘இவ்விடை ஏன் சரி?’ என்று கேளுங்கள். முகம் வாடி நிற்கும் தோழனுடன் அமர்ந்து, தவறிய வினாவை மீண்டும் சிந்தியுங்கள். இழந்த மதிப்பெண் திரும்பாது. அன்று தெளிந்த உண்மை அவனைவிட்டு நீங்காது.