பேய்க்கதை எழுதப் போகும் தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

அம்பத்தூர் ஓ.டி. டீக்கடையில், கடை சாத்தும் வரை உங்கள் கூட்டம் சண்டை போட்டதாக எழுதியிருந்தாய். ‘விடாது கருப்பு’ தொடர் யாருடையது? கதை எழுதிய இந்திரா சௌந்தர்ராஜனுடையதா, இயக்கிய நாகாவுடையதா, மின்பிம்பங்கள் நிறுவனம் வழியாக அதைத் தயாரித்த கே. பாலசந்தருக்கும் பங்கு உண்டா? தொண்ணூறுகளில் சன் டிவியில் அது ஓடியபோது உங்களில் பாதிப் பேர் பிறந்தே இருக்க மாட்டீர்கள். யூடியூபில் பார்த்துவிட்டு இவ்வளவு சண்டை! எனக்குச் சந்தோஷம்தான். சீரியல் என்றால் நடிகை கட்டிய புடவையைப் பற்றிப் பேசும் ஊரில், எழுதியவரைப் பற்றிப் பேச நாலு பேர் இருக்கிறீர்களே.

தீர்ப்பு கேட்டிருந்தாய். சொல்ல மாட்டேன். அதற்குப் பதில் ஒரு வேலை தருகிறேன். அந்தத் தொடருக்கு மூலமான ‘விட்டுவிடு கருப்பா’ நாவலை வாங்கிப் படி. படித்ததும் தொடரை மறுபடி பார். நாவலில் ஆசிரியர் நேரடியாகச் சொல்லிவிட்டுப் போகிற இடங்களைக் குறித்துக்கொள். தொடரில் அதே இடங்கள் என்னவாகின என்று பார். ஒரு வரி வர்ணனை எங்கே குதிரைக் குளம்புச் சத்தமாக மாறியது, எங்கே ஒரு கிழவியின் பார்வையாக மாறியது, எது காணாமலே போனது. யார் பெரியவர் என்பதைவிட இந்தக் கணக்குத்தான் உனக்கு உதவும். ஏனென்றால் நாளைக்கு சீரியல் டிஸ்கஷனில் உட்கார்ந்து நீ செய்யப் போவது அதைத்தான்.

‘மர்மதேசம்’ வரிசையில் வந்த ‘விடாது கருப்பு’க்கு இருந்த ஒரு வசதி உனக்கு இருக்காது. வாரம் ஒருமுறை வந்த தொடர் அது. அடியில் முடிந்த நாவல் ஒன்று இருந்தது. முடிவு தெரிந்தவன் முதல் எபிசோடிலேயே சாவியை எங்கே ஒளிப்பது என்று யோசிக்கலாம். தினமும் வரும் சீரியலில் வியாழக்கிழமை டி.ஆர்.பி. வந்ததும் செத்தவர் பிழைப்பார், நாகம் நல்லதாகும், டிராக் மாறும். அதைக் குறை சொல்லிப் பயனில்லை, அந்தத் தொழிலின் சம்பளம் அப்படி வருகிறது. ஆனாலும் உன் நோட்டின் கடைசிப் பக்கத்தில் முடிவை எழுதி வைத்துக்கொள். சேனல் அதை மாற்றட்டும். மாற்றுவதற்கு ஒன்று இருக்க வேண்டும்.

நீ அனுப்பிய ஒன்லைனுக்கு வருகிறேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் பூட்டிக் கிடக்கும் கம்பெனி. இரவில் பிரஸ் மெஷின் தானாக ஓடும் சத்தம். நல்ல விஷயம், அந்தச் சத்தத்தைக் கேட்டே வளர்ந்தவள் நீ. ஆனால் நாலாவது எபிசோடில் ஈ.பி. ரீடிங் எடுக்க வருபவர் ‘பேயாவது பிசாசாவது’ என்று சிரிக்கிறார். அடுத்த சீனில் செத்துப்போகிறார். இது இன்று எல்லா சீரியலும் செய்வது. நம்பாதவனை முட்டாளாக்கி, பிறகு அவனைக் கொன்று, நம்பியவர்களுக்கு ஒரு சபாஷ். பார்க்கிறவருக்கு இதில் பயமே வராது. யார் சாகப் போகிறார் என்பது அவர் வாயைத் திறந்ததுமே தெரிந்துவிடுகிறதே.

‘விடாது கருப்பு’ ஏன் பிடித்து உலுக்குகிறது? கருப்பசாமிதான் தண்டிக்கிறார் என்று நம்பும் ஊர் ஒரு பக்கம். மனம் பிளந்துபோவதைப் பற்றிப் பேசும் மருத்துவம் மறு பக்கம். இரண்டு கட்சிக்கும் சரிசமமான வக்கீல்களை வைத்தார்கள். அதே வரிசையின் ‘ரகசியம்’ தொடரில் நவபாஷாண லிங்கத்தைச் சுற்றியும் அதே ஆட்டம்தான், பக்தியும் மருந்தும் பேராசையும் ஒரே பொருளை இழுக்கும். புதுமைப்பித்தன் ‘காஞ்சனை’யில் இதை இன்னும் குறைந்த செலவில் செய்தார். கதை சொல்பவனே ஒரு எழுத்தாளன், கற்பனை பண்ணுவதே தொழில். அவன் சொல்வதை எவ்வளவு நம்புவது?

இந்திரா சௌந்தர்ராஜன் மூடநம்பிக்கையை வளர்த்தார் என்று சொல்கிறவர்கள் உண்டு. உங்கள் கூட்டத்திலும் ஒருவர் சொன்னாராம். அவரை விரட்டிவிடாதே. அவர் சொல்வதில் பாதி நியாயம். இந்திரா சௌந்தர்ராஜனின் பிற்காலக் கதைகள் சிலவற்றில் சித்தர் சொன்னால் சரி என்று தராசு ஒரே பக்கம் சாய்ந்துவிடும். ஆனால் இந்திரா சௌந்தர்ராஜன் 2024 நவம்பரில் மதுரையில் காலமானபோது பலரும் உடனே நினைவுகூர்ந்தது, தராசு ஆடிக்கொண்டே இருந்த அந்தப் பழைய தொடர்களைத்தான். நீ எழுதும் ஒவ்வொரு சீனையும் அந்த நண்பரிடம் முதலில் காட்டு.

பேய்க்குக் கேரளக் காடும் மலையடிவாரமும் வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதே. பூந்தமல்லி தாண்டி செம்பரம்பாக்கத்தில் ஃபிலிம் சிட்டிக்குள் பாழடைந்த பங்களாவை அட்டையில் எழுப்பிவிடுவார்கள். கதைக்கான சரக்கும் பக்கத்திலேயே கிடைக்கும். அம்பத்தூருக்கு அடுத்த ஸ்டேஷன் திருமுல்லைவாயில். மாசிலாமணீசுவரர் கோயிலுக்குள் ஒருமுறை எழுத்தாளர் கண்ணோடு போ. நந்தி சுவாமிக்கு முதுகைக் காட்டி வெளியே பார்த்து உட்கார்ந்திருக்கும். தொண்டைமான் மன்னனுக்குத் துணையாகக் குறும்பரோடு சண்டைக்குக் கிளம்பியது என்பார்கள். யானையின் காலில் சுற்றிய முல்லைக்கொடியை அவன் வெட்ட, வாள் லிங்கத்தில் பட்டதாம். அந்தக் காயத்துக்காக ஆண்டு முழுக்கச் சந்தனக்காப்பு, சித்திரைச் சதயத்தில்தான் களைவார்கள். கருவறை முன்னால் இரண்டு எருக்கந்தூண்கள், குறும்பர் கோட்டையிலிருந்து வந்தவையாம். எருக்கு செடியாயிற்றே, தூணாகுமா? இந்தக் கேள்வியைக் கேட்கும் ஒரு தாவரவியல் மாணவியையும், காது கொடுக்காத ஒரு ஊர்ப் பெரியவரையும் உள்ளே விடு, பத்து எபிசோட் தானாக ஓடும். பூந்தமல்லியிலும் சரக்கு இருக்கிறது. திருக்கச்சி நம்பி அந்த ஊர்க்காரர். காஞ்சி வரதருக்கு ஆலவட்டம் வீசும்போது பெருமாள் அவரோடு பேசுவார் என்பது வைணவ மரபு. ராமானுஜரே தன் சந்தேகங்களை இவர் மூலம் கேட்டனுப்பினார். கடவுள் பேசுகிற மனிதன் நம் தெருவில் குடியிருந்தால் அக்கம்பக்கம் அவனை என்ன பாடுபடுத்தும்?

ஒன்று மட்டும். கருப்பசாமியானாலும் கருமாரியம்மனானாலும் யாரோ ஒரு குடும்பம் முதல் மொட்டை போடும் சாமி. பயமுறுத்த வேண்டும் என்பதற்காக அவர்கள் செய்யாத சடங்கைச் செய்ததாக எழுதாதே. பூசாரியிடம் கேள், பாட்டிகளிடம் கேள். படையலில் என்ன வைப்பார்கள், எந்தப் பக்கம் பார்த்து வைப்பார்கள் என்று கேட்டு எழுது. நீ கற்பனை செய்வதைவிட அது விசித்திரமாகவே இருக்கும்.

இனி அந்த ஈ.பி.காரர். அவரைக் கொல்லாதே. பேச விடு. சர்வீஸ் துண்டித்த கம்பெனி, ஃபியூஸ் கட்டை பிடுங்கிக் கிடக்கிறது. அவர் சிரிக்க வேண்டாம், மீட்டரைப் பார்க்கட்டும். போன தடவை எழுதிய ரீடிங்கோடு ஒப்பிடட்டும். யூனிட் கூடியிருந்தால் எவனோ ஃபியூஸை மாட்டி ராத்திரி வேலை செய்கிறான். யார், எதற்காக என்று கதை அங்கே திரும்பும். கூடவில்லை, ஆனால் பிரஸ்ஸின் அடியில் அன்று அடித்த தகடு இன்னும் சூடாக இருக்கிறது என்றால் கதை வேறு. எது என்று நீ முடிவு செய்துவிட்டு, ஆனால் அவர் வாயால் சொல்லாமல், அந்த எபிசோடை மறுபடி எழுதி அனுப்பு. வசனத்தைக் குறை, தகட்டைத் தொடும் விரல் போதும்.

அன்புடன்,
உன் அண்ணன்