மதிப்பெண்ணும் நேர்காணலும்: மனநலக் கணிப்பில் வினாப்பட்டியலின் இடம்

பெரும்பாலான மனநலக் கோளாறுகளை உறுதிசெய்ய இரத்தப் பரிசோதனையோ ஸ்கேன் படமோ இன்றுவரை இல்லாத நிலையில், நோயாளர் சொல்வதும் அவரை அறிந்தோர் சொல்வதும் நேரில் காணக்கிடைப்பதுமே மருத்துவருக்குச் சான்றுகள்; அவற்றுள் நோயாளரின் சொற்களை எண்ணாக மாற்றிப் பிறருடன் ஒப்பிட உதவும் கருவியே வினாப்பட்டியல். 1917இல் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியபோது, போர்முனையில் மனம் குலையக்கூடியவர்களை முன்கூட்டியே இனங்காண, உளவியலாளர் ராபர்ட் உட்வொர்த் ஆம்–இல்லை என விடையளிக்கத்தக்க வினாக்களைத் தொகுக்கத் தொடங்கினார். அவை பயன்பாட்டுக்கு வருமுன்பே போர் முடிந்துவிட்டது. அவற்றின் வழிவந்த கருவிகளை நெடுங்காலம் கையாண்டவர்களின் அனுபவம் ஒரு செய்தியில் ஒன்றுபடுகிறது: நேர்காணலில் அடுத்து எதைக் கேட்க வேண்டும் என்பதை மதிப்பெண் காட்டும்; நோய்க்குப் பெயரிடும் பொறுப்பு எதிரே அமர்ந்திருப்பவருடையது.

இதைத் தெளிவாகக் கற்பிப்பது, எம்.எம்.பி.ஐ. எனப்படும் மின்னசோட்டா பன்முக ஆளுமைப் பட்டியலின் வரலாறு. உளவியலாளர் ஸ்டார்க் ஹாத்தவேயும் மருத்துவர் மெக்கின்லியும் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் உருவாக்கி 1943இல் வெளியிட்ட இச்சோதனையில், எந்தக் கூற்று எந்த நோயைக் குறிக்கும் என்பது கோட்பாட்டால் முடிவுசெய்யப்படவில்லை. மனநலப் பிரிவின் நோயாளர்களும் மருத்துவமனைக்கு வந்துபோன நலமுள்ளோர் 724 பேரும் வேறுபட்ட விடையளித்த கூற்றுகளே அளவுகோல்களாகத் திரட்டப்பட்டன. இதன் விளைவு நடைமுறையில் பெரிது. எட்டாம் அளவுகோலுக்கு மனச்சிதைவு என்று பெயரிடப்பட்டிருந்தாலும், கடும் பதற்றத்தில் இருப்பவருக்கும் தன்னைச் சூழ்ந்தோரிடமிருந்து அந்நியப்பட்டு வாழ்பவருக்கும் அது உயரக்கூடும். ஆகவே தேர்ந்த உளவியலாளர்கள் அளவுகோல்களைப் பெயரால் சுட்டாமல் எண்ணால் சுட்டுகிறார்கள். அறிக்கையை முதன்முதலாக எழுதப் பழகுபவரும் இவ்வழக்கத்தைக் கைக்கொள்வது நல்லது. பெயரை எழுதிவிட்டால், அடுத்து அதைப் படிப்பவர் அதனை நோயறிதலாகவே எடுத்துக்கொள்வார்.

அந்த 724 பேரில் பெரும்பாலோர் மின்னசோட்டாவின் வெள்ளையர்கள். ஒரு சோதனையின் எண்கள் பொருள் பெறுவது, முதலில் அதற்கு விடையளித்த குழுவோடு ஒப்பிடும்போதுதான்; இக்குழுவின் மதிப்பெண் பரவலையே நெறிமம் என்கிறோம். 1989இல் வந்த இரண்டாம் பதிப்பு, அமெரிக்காவின் பல மாநிலங்களிலிருந்து 2,600 பேரைக் கொண்டு நெறிமத்தைப் புதுப்பித்தது. அதில் சராசரி 50, பரவலைக் காட்டும் திட்டவிலக்கம் 10. 65ஐத் தொடும் மதிப்பெண் கவனத்துக்குரியது. தமிழ்நாட்டின் சிற்றூரிலிருந்து வந்த ஒருவருக்கு இந்த எல்லையை அப்படியே பொருத்துவதற்கு முன், இங்குள்ளோரைக் கொண்டு வகுத்த நெறிமம் அக்கருவிக்கு உண்டா என்று கேட்டறிவது சோதனை நடத்துபவரின் முதற்கடமை. இல்லையெனில், அந்த எண்ணை ஒரு குறிப்பாக மட்டும் கொண்டு, எடையை நேர்காணலின் மீது வைக்க வேண்டும்.

எம்.எம்.பி.ஐ.யின் மிகச் சிறந்த கொடையாகக் கருதத்தக்கவை அதன் ஏற்புடைமை அளவுகோல்கள், அதாவது விடையளித்த விதத்தையே அளப்பவை. எல்லோரிடமும் உள்ள சிறு குறைகளைக்கூட மறுப்பவரை எல் அளவுகோல் காட்டுகிறது. நுட்பமான தற்காப்பைக் கே அளவுகோல் காட்டுகிறது. நலமுள்ளோர் அரிதாகவே ஒப்புக்கொள்ளும் கூற்றுகளை ஒருவர் எவ்வளவு ஒப்புக்கொள்கிறார் என்பதை எஃப் அளவுகோல் காட்டுகிறது. இந்த எஃப் உயர்ந்தவுடன், 'நடிக்கிறார்' என்ற முடிவுக்குத் தாவுவது பயிற்சியின் தொடக்கத்தில் பலரிடம் காணப்படும் போக்கு. அவர் கேள்விகளைப் படித்துப் புரிந்துகொள்ள இயலாதவராக இருக்கலாம். சோர்ந்துபோய்க் கண்டபடி குறித்திருக்கலாம். உண்மையிலேயே மனம் சிதைந்த நிலையில் இருக்கலாம். தன் துன்பம் யாருக்கும் புரியவில்லை என்பதால் எல்லாவற்றுக்கும் 'ஆம்' என்று உரக்கச் சொல்லியிருக்கலாம். இந்நான்கையும் பிரித்தறிய வேறொரு சோதனை வேண்டியதில்லை. அவர் குறித்த கூற்றுகளுள் சிலவற்றை எடுத்து, 'இதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லுங்கள்' என்று கேட்டாலே பெரும்பாலும் போதும். இரண்டாம் பதிப்பின் 567 கூற்றுகளில் 30 அல்லது அதற்கு மேல் விடுபட்டிருந்தால் அத்தாளை மதிப்பிடலாகாது என்பது வழக்கமான விதி. ஆனால் எவை விடுபட்டன என்று பார்ப்பதும் பயன்தரும்.

அன்றாடப் புறநோயாளர் பிரிவில் இத்தனை நீண்ட சோதனைக்கு நேரம் கிடைப்பதில்லை. அங்கே ஆள்வது 2001இல் வெளியான பி.எச்.க்யூ.-9. மனச்சோர்வின் ஒன்பது அறிகுறிகள் கடந்த இரண்டு வாரங்களில் எத்தனை நாள் இருந்தன என்று கேட்டு, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27 வரை மதிப்பெண் தரும் எளிய தாள் இது. எளிமையிலும் சில இடறல்கள் உண்டு. அறிகுறியின் நாள் எண்ணிக்கையைக் கேட்டால், அதன் கடுமையை மனத்தில் கொண்டு விடையளிப்போர் பலர். 'வாரத்தில் எத்தனை நாள்?' என்று மறுபடி கேட்பது மதிப்பெண்ணையே மாற்றிவிடும். தாளை வாசித்துக்காட்ட நேர்ந்தால், ஒவ்வொருவருக்கும் ஒரே சொற்களில், ஒரே தொனியில் வாசிக்க வேண்டும். கணவரோ மாமியாரோ பக்கத்தில் இருக்கும்போது ஒரு பெண் தரும் விடை அவளுடைய விடையாக இராது. உடன் வந்தவரைச் சற்று நேரம் வெளியே அமரச் செய்வது, எந்தப் புள்ளியியல் திருத்தத்தைவிடவும் பயனுள்ளது.

பி.எச்.க்யூ.-9இல் 10 என்ற வெட்டுப்புள்ளி, அதாவது மேற்கொண்டு ஆராய வேண்டிய எல்லை, முதல் ஆய்வில் மனச்சோர்வுள்ளோரில் 88 விழுக்காட்டினரைப் பிடித்தது. இல்லாதோரில் 88 விழுக்காட்டினரைச் சரியாக விலக்கியது. இவ்வெண்கள் தரும் நம்பிக்கை எங்கே வழுக்குகிறது என்பதைக் கணக்கிட்டே பார்க்கலாம். நூற்றுக்கு ஐவருக்கு மனச்சோர்வுள்ள கல்லூரியொன்றில் 1,000 மாணவர்களுக்கு இத்தாளைக் கொடுத்தால், நோயுள்ள 50 பேரில் 44 பேர் அகப்படுவர். நோயற்ற 950 பேரில் 114 பேரும் அகப்படுவர். ஆக எல்லையைத் தாண்டிய 158 பேரில் ஏறத்தாழ 28 விழுக்காட்டினருக்கே நோய் இருக்கும். அதே தாளை நூற்றுக்கு நாற்பது பேருக்கு நோயுள்ள மனநலப் பிரிவில் கொடுத்தால், எல்லை தாண்டியவர்களில் 83 விழுக்காட்டினருக்கு அது இருக்கும். ஒரு குழுவில் நோய் எவ்வளவு பரவியிருக்கிறது என்ற இந்த அடிப்படை வீதத்தைப் பொருட்படுத்தாமல் சோதனையின் திறத்தைப் பேசக்கூடாது என்று உளவியலாளர்கள் பால் மீலும் ஆல்பர்ட் ரோசனும் 1955இலேயே விளக்கினர். ஆகவே பள்ளி, கல்லூரி, அலுவலகங்களில் மொத்தமாகத் தாள் கொடுப்போர், எல்லை தாண்டிய ஒவ்வொருவரையும் அமர்ந்து கேட்க ஆளும் நேரமும் இருந்தாலன்றி அப்பணியில் இறங்காமலிருப்பதே நேர்மை.

பி.எச்.க்யூ.-9இல் தூக்கம், பசி, களைப்பு பற்றிய மூன்று வினாக்களும் தைராய்டு குறைவாலோ இரத்தசோகையாலோ உயரக்கூடியவை என்பதால், உடற்பரிசோதனையைத் தள்ளிப்போடலாகாது. பிரசவித்த தாய்மாரிடம் இக்குழப்பம் இன்னும் கூடும். அதனாலேயே 1987இல் ஜான் காக்ஸும் உடனுழைப்போரும் வகுத்த எடின்பரோ அளவுகோலின் பத்து வினாக்களும் உடல் அறிகுறிகளைப் பெரிதும் தவிர்த்து மனநிலையையே கேட்கின்றன. இருமுனைக் கோளாறு, அதாவது மனச்சோர்வும் மிகையெழுச்சியும் மாறிமாறி வரும் நோய், பி.எச்.க்யூ.வில் வெறும் மனச்சோர்வாகவே தோன்றும். தூக்கமே வேண்டாமல் பல நாள் பரபரப்பாக இருந்த காலம் உண்டா என்பதைக் குடும்பத்தாரிடமும் கேட்டறியாமல் மனச்சோர்வு மருந்தைத் தனியே தொடங்கினால், அது மிகையெழுச்சியைத் தூண்டிவிடக்கூடும்.

பி.எச்.க்யூ.-9இன் ஒன்பதாம் வினா தனித்து நிற்பது. இறந்துவிடுவதே மேல் என்ற எண்ணமோ தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் எண்ணமோ வருகிறதா என்று அது கேட்கிறது. மொத்த மதிப்பெண் வெறும் 4 ஆக இருந்தாலும், இதில் 0 தவிர எது குறிக்கப்பட்டிருந்தாலும், அவர் அறையை விட்டுச் செல்லுமுன் வெளிப்படையாகப் பேச வேண்டும்: எண்ணம் மட்டுமா, திட்டம் உண்டா, வழி கைக்கெட்டும் தூரத்தில் உள்ளதா, வீட்டில் உடன் இருப்பவர் யார் என்று. நேராகக் கேட்டால் அவ்வெண்ணத்தை விதைத்துவிடுவோம் என்ற அச்சத்துக்கு ஆய்வுகள் இடம் தரவில்லை. கேட்கப்பட்டதில் நிம்மதி அடைபவர்களும் உண்டு. இந்தியாவில் 14416 என்ற டெலி-மானஸ் உதவி எண்ணை எழுதிக் கொடுத்தனுப்புவதும் பணியின் பகுதியே. தாள்களை வாங்கி அடுக்கிவைத்து மாலையில் கூட்டிப் பார்க்கும் வழக்கம் எங்கு இருந்தாலும் அதை நிறுத்த வேண்டும்.

முடிவுகளை நோயாளருக்குச் சொல்லும்போது, 'ஆம், இது நானேதான்' என்று அவர் ஒப்புக்கொள்வதைச் சான்றாகக் கொள்ளலாகாது. 1948இல் உளவியலாளர் பெர்ட்ராம் ஃபோரர் 39 மாணவர்களுக்கு ஒரே பொதுவான வருணனையை அவரவர்க்குரியதென்று கொடுத்தபோது, அதன் பொருத்தத்துக்கு அவர்கள் சராசரியாக 5க்கு 4.26 அளித்தனர். நோயாளரின் வாழ்விலிருந்து ஒரு நிகழ்ச்சியை அவரே எடுத்துச் சொல்லுமாறு கேட்டு, அது மதிப்பெண்ணோடு எங்கே பொருந்துகிறது, எங்கே முரண்படுகிறது என்று இருவரும் சேர்ந்து பார்ப்பதே பாதுகாப்பான வழி. உளவியலாளர் ஸ்டீபன் ஃபின் இம்முறையை வளர்த்தெடுத்து, முடிவுகளை இவ்வாறு கலந்துரையாடுவதே துன்பத்தைக் குறைக்கக்கூடும் என்று 1990களில் காட்டினார்.

சிகிச்சை தொடங்கியபின் அதே தாளை அதே மொழியில் அளிப்பது முன்னேற்றத்தை அளக்கும் எளிய வழி. பி.எச்.க்யூ.-9இல் 5 புள்ளிகள் குறைவது பொருட்படுத்தத்தக்க மாற்றம். ஆனால் எண் இறங்கியும், நோயாளர் இன்னும் வேலைக்குத் திரும்பவில்லை, சாப்பிடக் கூப்பிட்டாலும் வருவதில்லை என்று வீட்டார் சொன்னால், மருந்தைக் குறைக்குமுன் அவரோடு மறுபடி ஒருமுறை அமர்ந்து, ஒன்பது வினாக்களையும் ஒவ்வொன்றாகப் பேசிப் பார்க்க வேண்டும்.