கார் வராது, டிராக்டர் வரும்

பிரான்சின் நாட்டுப்புறத்தில் சைக்கிள் ஓட்டப் போகிறவர்கள் ஏறக்குறைய ஒரே படத்தை மனத்தில் வைத்துக்கொண்டு கிளம்புகிறார்கள். இரு பக்கமும் மர வரிசை, நடுவே வெளுத்த சரளைப் பாதை, கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு காரும் கிடையாது. படம் பொய்யில்லை. ஆனால் அந்தப் பாதையை யாரும் சைக்கிள்காரருக்காகப் போடவில்லை. அது ரயில் நின்றுபோன தடமாக இருக்கும், அல்லது சரக்குப் படகு குறைந்துபோன கால்வாயின் கரை, அல்லது இன்றும் உழவர் டிராக்டர் ஓட்டும் வயல்வழி. எந்த வழி எங்கிருந்து வந்தது என்று பார்க்காததால்தான் இவற்றைப் பற்றி இத்தனை தப்பெண்ணங்கள்.

“கார் ஓடாத பாதை என்றால் சரளையாகத்தான் இருக்கும்” என்று நம்பி, தடித்த டயர் மாட்டிக்கொண்டு பர்கண்டிக்குப் போகிறவர் ஏமாறுவார். நாட்டின் முதல் ‘வுவா வெர்த்’, பசும்பாதை என்று வைத்துக்கொள்ளலாம், 1997-இல் அங்கேதான் திறக்கப்பட்டது. ஜிவ்ரியிலிருந்து மடாலய நகரமான க்ளூனி வரை சுமார் 44 கிலோமீட்டர், பழைய ரயில்தடம். தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டு வழவழவென்று தார் போட்டிருக்கிறார்கள். துலூஸிலிருந்து மேற்கே போகும் கரோன் கால்வாயின் கரையும் பெரும்பாலும் தார்தான். சரளை வேண்டுமென்றால் தெற்கே ஓ-லாங்தொக் மலைப்பக்கம் போக வேண்டும். பெதாரியேவுக்கும் மாஸாமேவுக்கும் இடையே ரயில் ஓடிய தடம் ‘பாஸ்ஸா பாயிஸ்’ என்ற பெயரில் 80 கிலோமீட்டர் அளவுக்கு இறுக்கிய சரளையாகக் கிடக்கிறது. ரயில் ஏறக்கூடிய சரிவில்தான் தடம் போட்டிருப்பார்கள் என்பதால், மலைநாட்டிலும் மூச்சு இரைக்காமல் போகலாம்.

இவ்வளவு கைவிட்ட தடம் எங்கிருந்து வந்தது? 1879-இல் பொதுப்பணி அமைச்சராக இருந்த ஷார்ல் த ஃப்ரெய்சினே, மூலைமுடுக்கு ஊருக்கெல்லாம் ரயில் போக வேண்டுமென்று சட்டம் கொண்டுவந்தார். திட்டத்தில் சேர்ந்த புதுத் தடம் சுமார் 8,700 கிலோமீட்டர். அதே ஆண்டு முக்கியமான கால்வாய்களுக்கும் ஓர் அளவு வகுத்தார்: படகை ஏற்றி இறக்கும் மதகு ஒவ்வொன்றும் 38.5 மீட்டர் நீளம். பிறகு பஸ்ஸும் லாரியும் வந்தன. கிராமத்து ரயில்கள் ஒவ்வொன்றாக நின்றன, படகுச் சரக்கும் சாலைக்கு மாறியது. சைக்கிள்காரர்கள் சிலை வைக்க வேண்டிய அமைச்சர் ஒருவர் உண்டென்றால் அவர்தான், அவர் மனத்தில் சைக்கிள் இருந்திருக்காது என்றாலும்.

அடுத்த நம்பிக்கை, “சைக்கிள் படம் போட்ட பலகை இருக்கிறது, இனி கார் வராது.” வரும். பலகை நட்டு நெடுந்தூரத்துக்கு வழிகாட்டும் தடத்துக்கு ‘வெலோரூட்’ என்று பெயர். அதில் பசும்பாதையும் வரும், கார் ஓடும் கிராமத்துச் சாலையும் வரும். 900 கிலோமீட்டர் நீளும் புகழ்பெற்ற லுவார் நதிக்கரைத் தடம் இந்த வகை. அதில் கணிசமான தூரம் சின்னச் சாலைகள்தான். பசும்பாதை வேறு. இயந்திரமில்லாத வண்டி, நடப்பவர், குதிரையில் வருபவர் ஆகியோருக்கு மட்டுமானது என்று போக்குவரத்து விதிகளில் 2004-இல் அதற்குத் தனி இலக்கணமே எழுதினார்கள். அங்கேயும் பராமரிப்பு வண்டிக்கு விலக்கு உண்டு. பாதை சாலையைக் கடக்கும் இடங்களில் குறுக்கே கட்டையோ வளைகம்பியோ நட்டிருக்கும். பின்சக்கரத்தின் இருபுறமும் பை கட்டியவர் இறங்கி, சைக்கிளை ஒருக்களித்து, பை மாட்டாமல் திருப்பி நுழைக்க வேண்டும். எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் அரை மணி நேரமாகக் கார் சத்தமே கேட்காமல் வந்தவர் அசந்துபோகிற இடமும் அந்தச் சாலைக்கடவுதான்.

“கால்வாய்க்கரை மேசை மாதிரி சமம்.” ஏற்ற இறக்கம் இல்லை என்ற பொருளில் சரி. பிட்டத்தைக் கேட்டால் வேறு கதை சொல்லும். பியேர்-போல் ரிகே 1666-இல் வேலை தொடங்க, 1681-இல் திறக்கப்பட்ட மிதி கால்வாய், துலூஸிலிருந்து மத்தியதரைக் கடலோரத்துத் தோ காயல் வரை 240 கிலோமீட்டர். முதல் 50 கிலோமீட்டர் அளவுக்குத் தார். அதற்கப்பால் சீரமைத்த சரளை சில இடம்; பழைய ஒற்றையடித் தடம் சில இடம். அந்த ஒற்றையடித் தடத்தில் பிளாத்தான் மரத்தின் வேர்கள் முழங்கை தடிமனில் குறுக்கே புடைத்து நிற்கும். மணிக்கு 10 கிலோமீட்டர் போனாலே பல் ஆடும். குறுகிய டயர்க்காரருக்கு நசுங்கிய டியூப்தான் மிச்சம்.

மரத்தைப் பற்றியும் ஒரு தவறான எண்ணம் உண்டு. ரிகே நட்டு வைத்த மரங்கள் என்று பலர் நினைக்கிறார்கள். பிளாத்தான் வரிசை பெரும்பாலும் 19-ஆம் நூற்றாண்டில் நட்டது. 42,000 மரங்கள் இருந்தன. 2006-இல் ஒரு பூஞ்சை நோய் கால்வாயில் கண்டுபிடிக்கப்பட்டது. நோய் கண்ட மரத்தை வெட்டி எரிப்பதைத் தவிர வழியில்லை. இன்று போனால் நிழல் இல்லாத நீண்ட இடைவெளிகளும் இளங்கன்றுகளும்தான் பல இடங்களில் கண்ணில் படும். ஜூலை வெயிலில் போகிறவர்கள் பழைய சுற்றுலாப் படத்தை நம்பக் கூடாது.

இனி, “சரளையில் ஓட்டுவது அமெரிக்கக் கண்டுபிடிப்பு, பிரான்சு அதைப் பார்த்துக் கற்றுக்கொண்டது.” ‘கிராவல்’ என்ற பெயரும் அந்த வகைச் சைக்கிளின் சந்தையும் அமெரிக்காவிலிருந்து வந்தவை என்பது உண்மை. ஓட்டம் அப்படியில்லை. 1910-இல் டூர் த பிரான்சு சைக்கிள் பந்தயம் பிரனே மலையின் தூர்மலே கணவாயில் ஏறியபோது அங்கே இருந்தது கல்லும் மண்ணும்தான். சாந்த்-எத்தியென் நகரத்தில் வெலோசியோ என்ற புனைபெயரில் எழுதிய போல் த விவி, தன் ‘லெ சிக்லிஸ்த்’ இதழில் பல கியரும் தடித்த டயரும் வேண்டுமென்று ஓயாமல் வாதாடினார். டூர் அமைப்பாளர்கள் கியர் மாற்றியை 1937 வரை அனுமதிக்கவில்லை. ஊர் சுற்றிகள் அதற்கு வெகுமுன்பே மாட்டிக்கொண்டு மலையேறினார்கள். இன்று கிராவல் சைக்கிள் கடையில் 650பி என்று புதுமையாக விற்கும் சக்கர அளவு, அந்தப் பழைய பிரெஞ்சு ஊர் சுற்றிகள் ஓட்டியதுதான். பிரிட்டனியில் 1984 முதல் ‘த்ரோ ப்ரோ லெயோன்’ பந்தயம் வயல்வழிகளில் நடக்கிறது. முதலில் வரும் பிரிட்டனிக்காரருக்குப் பரிசு ஒரு பன்றிக்குட்டி. 2024 டூரின் ஒன்பதாம் நாள் ஓட்டம், த்ருவா நகரைச் சுற்றிய திராட்சைத் தோட்டங்களுக்குள் 14 துண்டுகளாக 32 கிலோமீட்டர் வெள்ளைச் சரளையில் போனது. ஆந்தொனி தூர்ஜிஸ் என்ற பிரெஞ்சுக்காரர் ஜெயித்தார். அந்தச் சுண்ணாம்பு மண் காய்ந்தால் மாவாகப் பறக்கும், நனைந்தால் வழுக்கும். ஆகவே அந்தப் பக்கம் போகிறவர் வரைபடத்துக்கு முன் மழைக் கணிப்பைப் பார்ப்பது நல்லது.

வயல்வழிகள் என்றதும் “யார் வேண்டுமானாலும் எந்த மண்பாதையிலும் போகலாம்” என்பார்கள். கிராமத்துப் பொதுவழி ஊராட்சிக்குச் சொந்தம், பொதுமக்கள் புழங்கத் திறந்தது. அதே தோற்றத்தில் பக்கத்தில் போவது நாலு உழவர்கள் சேர்ந்து தங்கள் நிலத்துக்குப் போட்ட தனிவழியாக இருக்கலாம். அதை அவர்கள் மூடலாம். மண்ணைப் பார்த்து வித்தியாசம் சொல்ல முடியாது. பழைய வழிகள் எல்லாம் அப்படியே இருக்கின்றன என்பதும் தவறு. இரண்டாம் உலகப் போருக்குப் பின் சிதறிக் கிடந்த நிலங்களை ஒன்றுசேர்த்துப் பெரிய வயல்களாக்கியபோது வேலியோடு வழியும் உழப்பட்டுப் போன ஊர்கள் ஏராளம். கைபேசி காட்டும் கோடு கோதுமை வயலின் நடுவில் முடிந்தால் ஆச்சரியப்படாதீர்கள். பிரான்சின் தேசிய நிலவரைபட நிறுவனம் போடும் 1:25,000 தாளில் சரிபார்த்துக்கொள்வது நல்லது. பொதுவழியிலும் எதிரே டிராக்டர் வந்தால் ஒதுங்க வேண்டியவர் சைக்கிள்காரர்தான். அது உழவரின் வேலைநாள்.

“வழியெல்லாம் கஃபே” என்ற நம்பிக்கை ஒரு பிற்பகலில் உடையும். சிற்றூர்க் கடைகள் மதியம் இரண்டு மணிநேரம் மூடும், திங்கட்கிழமை பல இடங்களில் திறக்கவே திறக்காது. கடையே இல்லாத ஊரும் ஏராளம். தண்ணீருக்கு அனுபவசாலிகள் தேடுவது கல்லறைத் தோட்டத்தை. பூச்செடிக்கு ஊற்றுவதற்காக வாசலருகே ஒரு குழாய் இருக்கும், கொக்கியில் பூவாளிகள் தொங்கும். குடிக்கத் தகாது என்று பலகை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பாட்டிலை நீட்டலாம்.

எல்லா மாதமும் ஒன்றல்ல. க்ளூனிக்குத் தெற்கே பசும்பாதை நுழையும் 1.6 கிலோமீட்டர் புவா க்ளேர் சுரங்கத்தைக் குளிர்காலத்தில் வௌவால்களுக்காகப் பூட்டிவிடுவார்கள். அப்போது மேட்டின்மேல் ஏறி இறங்க வேண்டும். செப்டம்பரிலிருந்து பிப்ரவரி முடிய வேட்டைக்காலம். காட்டோர வழியில் ‘வேட்டை நடக்கிறது’ என்ற பலகையைக் கண்டால், பொதுவழியில் போக எனக்கு உரிமை உண்டு என்று நின்று வாதாடுவதில் பயனில்லை. பளிச்சென்ற சட்டையோடு கால்வாய்க்கரைக்குத் திரும்புங்கள். காட்டுவழியை வேட்டையில்லாத நாளுக்கு வைத்துக்கொள்ளலாம். எந்த நாள் என்பதை அந்த ஊரின் மேயர் அலுவலகத்தில் விசாரித்துத் தெரிந்துகொள்ளலாம்.